வகுக்காமலே கண்டறிந்த பகா எண்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றைவிடப் பெரிய எண்ணே பகா எண். இதனைக் கற்பிக்கும்போது 2, 3, 5, 7 என வகுத்துப் பார்க்குமாறு மாணவர்களிடம் கூறுகிறோம். நூறு வரையுள்ள எண்களுக்கு அவ்வழி போதும். கீழுள்ள எண்ணுக்கு என்ன செய்வது?

170141183460469231731687303715884105727

இரண்டை 127 முறை எழுதிப் பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது இது. அதாவது 2¹²⁷ – 1. முப்பத்தொன்பது இலக்கங்கள். விநாடிக்கு ஒரு பில்லியன் வகுத்தல் செய்யும் கணினி, இதன் வர்க்கமூலம் வரை ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தாலும் 400 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆயினும் 1876ஆம் ஆண்டிலேயே, எட்வார்ட் லூக்கா எனும் பிரெஞ்சு ஆசிரியர் இது பகா எண் என்று காட்டினார். பாரிசின் உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தவர் அவர். 'ஹனோய் கோபுரம்' விளையாட்டை 1883இல் வெளியிட்டவரும் அவரே. (ஏழு வட்டுகள் கொண்ட கோபுரத்தை இடம் மாற்றக் குறைந்தது 2⁷ – 1, அதாவது 127 நகர்வுகள் வேண்டும். இவ்வடிவ எண்கள் அவரை விடவில்லை போலும்!)

இதற்கு ஒரு முன்கதை உண்டு. மரின் மெர்சென் எனும் பிரெஞ்சுத் துறவி 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டை எத்தனை முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்பதே அப்பட்டியல். 31, 67, 127, 257 ஆகியன அதில் இடம்பெற்றன. நிறுவல் ஏதும் தரப்படவில்லை. ஆய்லர் 1772இல் 31ஐ உறுதிப்படுத்தினார். அதற்கு மேற்பட்டவை நூறாண்டுக்கும் மேலாக அப்படியே கிடந்தன.

லூக்காவின் வழியைச் சிறிய எண்ணாகிய 127இல் (2⁷ – 1) செய்து பாருங்கள். 3இல் தொடங்குக. வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் 7. மீண்டும் அவ்வாறே செய்ய 47. அடுத்து 2207, அதனை 127ஆல் வகுத்தால் மீதி 48. 48இலிருந்து 2302, மீதி 16. 16இலிருந்து 254, மீதி சுழியம். ஐந்தாம் படியில் சுழியம் வந்ததால் 127 பகா எண். அடுக்கு 7 என்பதால் ஐந்து படிகள்; அடுக்கு 127 எனில் 125 படிகள். ஒவ்வொரு படியிலும் முப்பத்தொன்பது இலக்க எண்ணைப் பெருக்கி மீதி காண வேண்டும், அதுவும் கையால். அடுக்கை நான்கால் வகுக்க மீதி 3 வரும் எண்களுக்கே இத்தொடக்கம் பொருந்தும். லேமர் 1930களில் இம்முறையைச் செப்பனிட்டு, 4இல் தொடங்கி எல்லா ஒற்றைப் பகா அடுக்குகளுக்கும் பொருந்தச் செய்தார்.

இம்முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. 2⁶⁷ – 1 பகா எண் அன்று என்பதையும் லூக்கா அதே 1876இல் காட்டினார். ஆனால் அதன் காரணிகளில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது! வகுக்கும் எண்ணைக் காணாமலே வகுபடும் என்று அறிவதை மாணவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். காரணிகளை ஃபிராங்க் நெல்சன் கோல் எனும் அமெரிக்கர் 1903இல்தான் அளித்தார்: 193707721 × 761838257287. மெர்சென் கூறிய 257உம் பின்னர் தவறென்று தெரிந்தது. 61, 89, 107 ஆகியவற்றை அவர் விட்டிருந்தார்.

லூக்காவின் எண்ணைவிடப் பெரிய பகா எண் 1951 வரை எவருக்கும் கிட்டவில்லை. அவ்வாண்டில் கண்டறியப்பட்டதற்கு 44 இலக்கங்கள். அதற்குக் கணக்கிடும் இயந்திரத்தின் துணை இருந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ – 1 எனும் எண்ணுக்கு 41 மில்லியனுக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதனை உறுதிப்படுத்தக் கணினிகள் செய்ததும் வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, மீதி காணும் அதே வேலைதான்.