கூலி பெறாத உழைப்பும் கணனி உலகும்

மென்பொருள் விலைப்பண்டமாவதற்கு முன்னரே, அதனைக் கையாள்வோர் ஒருவருக்கொருவர் உதவும் வழக்கம் தோன்றிவிட்டது. 1955ஆம் ஆண்டில், ஐ. பி. எம். 704 கணனியைப் பயன்படுத்த முற்பட்ட நிறுவனங்களின் நிரலாளர்கள் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிற் கூடி ‘ஷெயார்’ எனும் சங்கத்தை அமைத்தனர். அவர்களுட் பலர் விமானக் கைத்தொழிலிலே தம்முட் போட்டியிட்ட நிறுவனங்களைச் சேர்ந்தோராவர். விமானத்தின் வடிவமைப்பு இரகசியம். ஆயின், கணனிக்கு வேண்டிய அடிப்படை நிரல்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது வீண்செலவு. எனவே அவற்றைப் பகிர்ந்துகொண்டனர். இப்பகிர்வைக் கொடை என்பதினும் கூட்டுச் சிக்கனம் என்பதே பொருந்தும். 1969இல் ஐ. பி. எம். தனது மென்பொருளுக்குத் தனி விலை அறவிடப்போவதாக அறிவித்தமை இவ்வுறவின் பொருளாதார அடித்தளத்தை மாற்றிற்று.

எனினும் வழக்கம் மறையவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1979–80இல் உருவாக்கிய ‘யூஸ்நெற்’ வலையமைப்பு, முன்பின் அறியாதோர் வினாவவும் விடையளிக்கவும் களமாயிற்று. இதன் பயனை அப்பாச்சி மென்பொருளின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். இலினொய் பல்கலைக்கழக நிலையமொன்றில் உருவான இணையச் சேவையக நிரலை, அதன் முதன்மை ஆக்குநர் 1994இல் விலகியபின் பேணுவாரில்லை. அதனைப் பயன்படுத்தியோர் தத்தம் திருத்தங்களை மின்னஞ்சல் வழி பரிமாறலாயினர். 1995இல் அத்திருத்தங்களின் தொகுப்பே அப்பாச்சியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே உலகில் மிகுதியாகப் பயன்படும் சேவையகமாயிற்று. இதற்கு விற்பனை நிறுவனம் இல்லை. ஆதலின் முறையிடுவதற்கு அலுவலகமும் இல்லை. இடர்ப்பட்டோர் யூஸ்நெற்றில் வினாவினர்; அறிந்தோர் விடையிறுத்தனர்.

ஏன் விடையிறுத்தனர்? லக்கானி, வொன் ஹிப்பெல் ஆகிய ஆய்வாளர் இவ்வினாவை நேரடியாகவே எடுத்துக்கொண்டனர். 2003இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, உதவுவோர் செலவிடும் உழைப்பில் ஏறத்தாழ 98 சதவீதம் பிறர் எழுதியவற்றைப் படிப்பதிலேயே கழிகிறது. அப்படிப்பினால் அவர்களே கற்றுக்கொள்கின்றனர். விடை எழுதுவது, முன்னரே தெரிந்த ஒன்றைச் சில நிமிடங்களிற் பதிவதேயாகும். தன்னலமற்ற தொண்டு எனப் புகழ்வோருக்கு இம்முடிவு சற்றுக் கசக்கலாம். ஆயினும், தியாகத்தை மட்டுமே நம்பிய அமைப்பு இவ்வளவு காலம் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் இவ்விளக்கத்திற்கும் ஓர் எல்லையுண்டு. வினாவொன்றிற்கு விடையளித்தவர் மறுநாள் ஒதுங்கிக்கொள்ளலாம். நிரலொன்றைப் பேணுபவருக்கு அவ்வாய்ப்பு அரிது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்ஸெற்’ எனும் நிரற்றொகுதியை நெடுங்காலம் பெரும்பாலும் தனியொருவரே ஊதியமின்றிப் பேணிவந்தார். 2022இல், வேலை தாமதமாகிறதெனச் சிலர் அவரை மின்னஞ்சல் வழியே நெருக்கினர். இது ஊதியமற்ற பொழுதுபோக்கு முயற்சி என்பதை அவர் நினைவூட்டவும் நேர்ந்தது. அவ்வேளையில் உதவ முன்வந்து, படிப்படியாக நம்பிக்கையைப் பெற்ற புனைபெயர்க்காரர் ஒருவர், 2024இல் அத்தொகுதியினுள் இரகசிய வாயிலொன்றைப் புகுத்தினார். இங்கு சுரண்டப்பட்டது உழைப்பு மட்டுமன்று, உதவியை ஐயுறாது ஏற்கும் அப்பண்பாடுமாகும்.

அதனைக் கண்டறிந்த அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் என்பார் சதியெதனையும் தேடிச் சென்றவரல்லர். தரவுத்தள மென்பொருளொன்றின் வேகத்தை அளப்பதற்கு ஆயத்தம் செய்தபோது, தொலைக்கணனியினுள் நுழைவதற்கு ஏறத்தாழ அரைச் செக்கன் கூடுதலாவதைக் கவனித்தார். காரணத்தைத் துருவி ஆராய்ந்து, அவ்வாண்டு மார்ச் 29ஆந் திகதி எல்லோரும் காணத்தக்கதாக எழுதி வெளியிட்டார்.