ஜப்பானின் வானொலி உடற்பயிற்சி

வானொலி உடற்பயிற்சி என்பது ஜப்பானில் 1928ஆம் ஆண்டு தொடங்கிய, பியானோ இசைக்கும் வானொலி அறிவிப்பாளரின் குரலுக்கும் ஏற்ப மக்கள் செய்யும் எளிய பயிற்சி முறையாகும். ஜப்பானிய மொழியில் இதனை 'ராஜியோ தைசோ' என்பர். 'தைசோ' என்றால் உடற்பயிற்சி. நாள்தோறும் சில நிமிடங்களே எடுக்கும் இப்பழக்கம், ஒரு காலத்தில் மக்களின் நலத்துக்கும், மற்றொரு காலத்தில் போர்வெறிக்கும் பயன்பட்டது.

தோற்றம்

1921–25ஆம் ஆண்டுகளின் கணக்குப்படி ஜப்பானியரின் சராசரி ஆயுட்காலம் ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 43 ஆண்டுகளே. காசநோய் பரவலாக இருந்த காலம் அது. 1916 முதல் அந்நாட்டு அரசு அஞ்சலகங்கள் வழியாக எளிய மக்களுக்கு ஆயுள் காப்பீடு வழங்கி வந்தது. காப்பீடு செய்தவர் நீண்டநாள் வாழ்ந்தால் அவர் குடும்பத்துக்கும் நன்மை, காப்பீட்டு நிதிக்கும் நன்மை.

அமெரிக்காவில் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1925இல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, பேரரசர் ஹிரோஹிட்டோவின் முடிசூட்டு விழாவையொட்டி 1928 நவம்பர் 1 அன்று ஜப்பானிய ஒலிபரப்பு தொடங்கியது. கருவியோ மைதானமோ தேவையில்லை. ஆண், பெண், சிறுவர், முதியோர் எவரும் செய்யலாம் என்பதே இதன் சிறப்பு.

1930ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் டோக்கியோவின் கந்தா பகுதியில் காவலர் ஒருவர் சிறுவர்களை அதிகாலையில் ஒன்றுதிரட்டிப் பயிற்சி செய்ய வைத்தார். இவ்வழக்கம் விரைவில் நாடெங்கும் பரவியது.

போர்க்காலம்

1930களில் நாடு போரை நோக்கிச் சென்றபோது பயிற்சியின் நோக்கமும் மாறியது. ஒரே நேரத்தில், ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு அசையும் மக்கள் கூட்டம் அரசின் வலிமைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியா, தைவான் ஆகிய நாடுகளிலும் இது நடத்தப்பட்டது. 1942–45இல் ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கப்பூர், மலாயா பள்ளிகளிலும் மாணவர்கள் 'தைசோ' செய்தனர். உடலைப் பேணும் பழக்கம் அங்கே கீழ்ப்படிதலுக்கான பயிற்சியாயிற்று.

நிறுத்தமும் மீட்சியும்

போரில் ஜப்பான் தோற்றபின், 1946இல் புதிய வடிவில் பயிற்சி ஒலிபரப்பாயிற்று. ஆயினும் கூட்டமாகக் கட்டளைக்கு அசைவது போர்க்காலத்தை நினைவூட்டியதால் அது நிலைக்கவில்லை. 1947 ஆகஸ்டு இறுதியில் நின்றுபோனது.

1951 மே மாதம் முற்றிலும் புதிதாக அமைக்கப்பட்ட 'முதலாம் பயிற்சி' ஒலிபரப்பாயிற்று. இதற்கு இசையமைத்தவர் ஹத்தோரி தடாஷி. அடுத்த ஆண்டு, தான் இகுமாவின் இசையில் 'இரண்டாம் பயிற்சி' வந்தது. இவ்விரண்டும் இன்றளவும் வழக்கில் உள்ளன. விரும்பியவர் விரும்பியபடி செய்யலாம் என்ற நிலையே இம்முறை இதனை நிலைக்கச் செய்தது.

பயிற்சி முறை

முதலாம் பயிற்சியில் 13 அசைவுகள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 3 நிமிடங்கள். கைகளை உயர்த்தி உடலை நீட்டுவதில் தொடங்கி, கை சுழற்றல், பக்கவாட்டில் வளைதல், இடுப்பைத் திருப்புதல், துள்ளுதல் எனச் சென்று ஆழ்ந்த மூச்சில் முடியும். 1999இல், நாற்காலியில் அமர்ந்தபடியும் செய்யக்கூடிய 'அனைவருக்குமான பயிற்சி' சேர்க்கப்பட்டது.

உடலும் மனமும்

காலை 6.30 மணிக்கு என்.எச்.கே. வானொலியில் இசை ஒலிக்கும்போது பூங்காக்களில் முதியோர் கூடுகின்றனர். கோடை விடுமுறையில் சிறுவர்கள் கழுத்தில் அட்டையுடன் வந்து, பயிற்சி முடிந்ததும் முத்திரை பெறுகின்றனர். தனியே வாழும் முதியவருக்கு மூட்டுகள் தளர்வது மட்டுமன்று, நாள்தோறும் நாலு பேர் முகம் பார்ப்பதும் மருந்தே. ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது.

எளிமை, குறித்த நேரம், கூடிச் செய்தல் ஆகிய மூன்றும் ஒரு நல்ல பழக்கத்தைப் பல தலைமுறைகளுக்கு நிலைக்கச் செய்யும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அப்பழக்கம் செய்பவரின் நலத்துக்காக இருத்தல் வேண்டும் என்பதையும் அதுவே உணர்த்துகிறது.