குடி நீக்கியும் நீக்காமலும்: சைதாப்பேட்டையில் வசிப்பிடச் சொற்களின் வரலாறு

சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் புதிதாக அறிமுகமானவரிடம் "எங்க இருக்கீங்க?" என்று கேட்கலாம், "எங்க குடியிருக்கீங்க?" என்றும் கேட்கலாம். "எங்கே வாழ்கிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வேற்றூர்க்காரர் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தின் 'லிவ்' உயிர்வாழ்தலையும் ஓரிடத்தில் வசித்தலையும் சேர்த்தே குறிக்கிறது. ரஷ்ய மொழியின் 'ஜீத்' என்ற வினையும் அப்படித்தான். தமிழில் இவ்விரண்டும் தனித்தனி. ரஷ்ய நாவலைத் தமிழாக்குபவர் 'ஜீத்' வரும் ஒவ்வோரிடத்திலும் வாழ், இரு, குடியிரு என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 1960இல் மாஸ்கோவில் பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தமிழ் - ரஷ்ய அகராதியையும், 1965இல் அந்திரோனவ் குழுவினர் ரஷ்ய - தமிழ் அகராதியையும் வெளியிட்டபோது அவர்கள் முன்னிருந்த சிக்கல்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

'இரு' என்பதன் பழம்பொருள்களில் ஒன்று உட்காருதல். 'இருக்கை' ஆசனத்தையும் குறிக்கும், உறைவிடத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தின் 'ரிசைட்' சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கும் அமர்தல் என்றே பொருள். 'ட்வெல்' வந்த வழி வேறு: பழைய ஆங்கிலத்தில் வழிதவறச் செய்தல், தாமதப்படுத்துதல் என்ற பொருளில் இருந்து, தங்குதலாகி, பிறகே வசித்தல் ஆனது. சென்னை ஆங்கிலம் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு 'ஸ்டே' என்பதைப் பிடித்துக்கொண்டது. முப்பது ஆண்டாக ஒரே வீட்டில் இருப்பவரும் இங்கே ஸ்டேதான் பண்ணுகிறார். 'இரு' என்ற தமிழ் வினை ஆங்கில உடை போட்டுக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

'குடி'யின் வரலாறு இவற்றிலிருந்து வேறுபட்டது. அது வினையாகத் தொடங்கவில்லை. வீடு, குடும்பம், குலம், உழுபவர், ஆளப்படுவோர் ஆகிய அனைவரையும் அனைத்தையும் ஒரே சொல் சுமந்தது. சோழர் கல்வெட்டுகளில் நிலக்கொடைகள் 'குடிநீக்கிய தேவதானம்', 'குடிநீங்காத் தேவதானம்' என்று இருவகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏற்கெனவே நிலத்தில் இருந்தவர்களை அகற்றிவிட்டுக் கோயிலுக்குக் கொடுப்பது முதல் வகை. அவர்களை அப்படியே வைத்துக் கொடுப்பது இரண்டாவது. குடியிருப்பவரை அகற்றுவது அரசின் ஆவணச் சொல்லாக அப்போதே இருந்தது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு வரியில்லா நிலங்களை அடுக்கும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றைத் தனியாகவும் குறிக்கிறது. வசிக்குமிடத்தின் பெயரிலேயே வசிப்பவரின் படிநிலை எழுதப்பட்டிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி செங்கற்பட்டுச் சீமையைக் கையிலெடுத்தபோது காணியாட்சி என்ற பரம்பரை நில உரிமை உடைய மிராசுதாரையும் அவருக்குக் கீழ் பயிர்செய்தோரையும் எப்படிப் பெயர்ப்பது என்று தடுமாறியது. ஊரிலேயே நிலைத்தவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து பருவத்துக்குப் பயிரிட்டுப் போகக்கூடியவர் பரக்குடி. உள்குடியை மிராசுதார் தன் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்பது வழக்கு. மிராசு உரிமை பற்றிக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் எழுதிய விளக்கம் 1818இல் அச்சானது. அதில் இந்தத் தமிழ்ச் சொற்களை அவர் கூடியவரை தமிழாகவே விட்டுவைத்தார். பின்வந்த அதிகாரிகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. 'டெனன்ட்' என்ற ஒரே சொல்லில் இருவரும் அடங்கினர். என் கணிப்பில், உள்குடி இழந்த உரிமையில் ஒரு பங்கு இந்த மொழிபெயர்ப்பில் போனது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1968 வரை செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைமையிடம் சைதாப்பேட்டையில் இருந்தது. அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி 1891இல் ஆட்சியர் திரெமன்ஹீர் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. தாம் குடியிருக்கும் மனைமீதுகூட அவர்களுக்கு உரிமை இல்லை என்பதை அவர் சுட்டினார். எதிர்த்துப் பேசினால் வேலை மட்டுமல்ல, குடிசையும் போகும். 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கான பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த ஆணைக்கு அந்தக் குறிப்பே அடிப்படை.

நகரத்தில் வேறொரு சொல் வளர்ந்தது: குடித்தனம். ஒரு வீட்டுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை குடித்தனம். நடுவில் முற்றம், பின்னால் ஒரு கிணறு, வரிசையில் நின்று பயன்படுத்தும் ஒரு கழிப்பறை, கூடத்தின் இருபுறமும் அறைக்கொரு குடும்பம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் இதை ஸ்டோர் வீடு என்பார்கள். ஒண்டிக்குடித்தனம், தனிக்குடித்தனம், குடிக்கூலி, குடிபோதல் என்று ஒரு சொல் குடும்பமே இதிலிருந்து கிளைத்தது. இதற்கு ரஷ்ய இணையும் உண்டு: 1917க்குப் பிறகு ரஷ்ய நகரங்களில் வந்த கம்யூனல் வீடுகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே சமையலறை. அங்கே இருந்தவர் 'ஜிலேத்ஸ்'. 'ஜீத்' வினையிலிருந்து வந்த சொல் அது. ஆனால் அவர் அங்கே இருக்கலாமா என்பதை முடிவுசெய்தது வேறு சொல். 1932 டிசம்பரில் உள்நாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த 'ப்ரபீஸ்கா' என்ற பதிவு முத்திரைதான் அது. பேச்சில் 'ஜீத்', படிவத்தில் 'ப்ரஜிவாத்' என்று ரஷ்ய மொழியும் பிளவுபட்டது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகமாகத் தங்குமிடத்தையும் வசிப்பிடத்தையும் தனித்தனிச் சொற்களால் பிரித்தது. நம் தாலுகா அலுவலகத்தின் இருப்பிடச் சான்றுக்கு வரிசையில் நின்றவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1971ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் திருப்பம் எனலாம். அவ்வாண்டு சைதாப்பேட்டைத் தொகுதியில் வென்ற மு. கருணாநிதி முதலமைச்சர். அதே ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று கிராமத்துக்கு: விவசாயத் தொழிலாளருக்கு அவர்கள் குடியிருக்கும் மனையை உரிமையாக்கும் சட்டம். அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே 'குடியிருப்பு' என்ற தமிழ்ச் சொல் அப்படியே நின்றது. இன்னொன்று நகரத்துக்கு: குடிசைப் பகுதிகள் சட்டம். 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் அதைச் செயல்படுத்தியது. கிராமத்தில் குடியிருப்பு உரிமையானது. நகரத்தில் குடிசை மாற்றப்பட வேண்டிய பொருளானது. குடி, குடியிருப்பு, குடிசை மூன்றும் ஒலியில் இவ்வளவு நெருங்கியிருக்க, சட்டத்தில் எதிரெதிர்த் திசையில் போயின.

2021இல் அந்த வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. சூழலியலில் விலங்கு, பறவைகளுக்கு வழங்கும் 'வாழ்விடம்' மனிதருக்கும் வந்தது. 1976இல் வான்கூவரில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்குப் பின் உலகெங்கும் பரவிய 'ஹேபிடாட்' என்ற சொல்லின் நிழல் இதில் தெரிகிறது. சைதாப்பேட்டையில் இன்றும் வாரியத்தின் அடுக்கு வீடுகளுக்கு 'ஹவுசிங் போர்டு' என்றே பெயர். அங்குள்ள அரசு ஊழியர் குடியிருப்பின் பெயர் தாடண்டர் நகர். ஆங்கிலேய அதிகாரி டாட்ஹண்டரின் பெயரை ஊர் தன் நாக்குக்கு வளைத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேரிக்கு மாற்றாக வந்த சொல்லுக்கும் சேரியின் கறை ஏறியதே காரணம். இந்த முடிவு சரியானது.

ஆனால் பெயர் நீக்கத்தோடு பணி முடியவில்லை. சொந்த வீட்டுக்காரர்கள் நடத்தும் சங்கத்துக்கு இன்று 'குடியிருப்போர் நலச் சங்கம்' என்று பெயர். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட சைதாப்பேட்டைக் குடும்பங்களோ கோப்புகளில் 'ஆக்கிரமிப்பாளர்'. தலைமுறைகளாக ஆற்றோரம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இச்சொல் பொருந்தாது. காலனியை நீக்கும் அரசு, அடுத்த திருத்தத்தில் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.