நாணயத்தில் ஏறிய ஆட்டங்கள்

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. அரசு முத்திரையிட்டு வழங்கும் காசு ஒன்று; வாக்குத் தவறாத நேர்மை மற்றொன்று. காசின் மாற்றுக் குறையலாகாது. சொல்லும் அவ்வாறே குறைபடலாகாது என்பது கருதியே போலும், நம் முன்னோர் இவ்விரண்டினையும் ஒரே சொல்லால் வழங்கினர்.

'பூவா, தலையா' என்று காசைச் சுண்டி ஆட்டம் தொடங்கும் வழக்கத்தை அறியாதார் இலர். காசு ஆட்டத்திற்குள் புகுவது அவ்வாறு. ஆட்டம் காசின் மேல் ஏறுவதும் உண்டு. அங்ஙனம் ஏறிய அமெரிக்க ஆட்டங்கள் சிலவற்றின் பிறப்பையும், அவற்றுள் இரண்டு சென்னைக்கும் மும்பைக்கும் வந்து சேர்ந்த வழியையும் இங்குக் காண்போம். காசு சொல்லும் கதை நாணயமானதுதானா என்பதையும் உடன் ஆராய்வோம்.

முதலில் நம் நாட்டுக் காசு. 1982ஆம் ஆண்டு தில்லியில் ஒன்பதாம் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நிகழ்ந்தபோது, அவற்றின் சின்னம் பொறித்த பத்துக் காசு, இருபத்தைந்து காசு, இரண்டு ரூபாய் நாணயங்களை இந்திய அரசு வெளியிட்டது. நம் மும்பை கோட்டைப் பகுதியில், ரிசர்வ் வங்கிக்கு எதிரே நிற்கும் பழைய நாணயச் சாலையிலும் அவை அடிக்கப்பட்டன. ஆண்டின் கீழே சிறியதொரு வைர வடிவம் காணப்படின், அக்காசு மும்பையிற் பிறந்தது என்று தெளியலாம். 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் நினைவாகவும் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் வெளிவந்தன.

இவற்றுள் பத்துக் காசும் இருபத்தைந்து காசும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு செல்லாக் காசாயின. இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்தனவும் அன்றோடு வழக்கொழிக்கப்பட்டமையே காரணம். காசு போயிற்று, ஆட்டம் போகவில்லை.

அமெரிக்க நாட்டில் இவ்வழக்கம் இன்னும் விரிவாக உள்ளது. 2014ஆம் ஆண்டு அந்நாட்டு நாணயச் சாலை, பேஸ்பால் ஆட்டத்தின் புகழ்மண்டபத்தைச் சிறப்பித்து நாணயங்களை வெளியிட்டது. ஒருபுறம் கையுறைபோற் குழிந்தும், மறுபுறம் பந்துபோற் புடைத்தும் அவை அமைந்தன. 2020ஆம் ஆண்டு கூடைப்பந்தின் புகழ்மண்டபத்திற்கும் அதே முறையில் நாணயம் அடித்தனர். ஒரு டாலர் என்று பொறித்த அந்த வெள்ளிக் காசு அதனினும் பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. ஆகவே அதனைக் கொடுத்துக் கடையிற் பண்டம் வாங்குவார் இலர்; பேழையில் வைத்துக் காப்பாரே பலர்.

அரசு அடிக்கும் காசன்றி, வேடிக்கைக்காகத் தனியார் அச்சிடும் பணத்தாளும் அங்கு உண்டு. டாலர் நோட்டைப் போன்ற தாளில் ஆட்டக்காரர் உருவத்தையோ பந்தையும் மட்டையையுமோ அச்சிட்டுப் பத்து லட்சம் டாலர் என்று எழுதி விற்பர். அமெரிக்க அரசு அத்தொகைக்கு நோட்டு வெளியிட்டதே இல்லை. நம் நாட்டிலும் குழந்தைகள் வங்கி என்று பெயரிட்ட விளையாட்டு நோட்டுகள் கடைகளில் தொங்குவதைக் கண்டிருக்கிறோம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லியில் பணம் வழங்கும் பொறியொன்றிலிருந்தே இத்தகைய இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள் வெளிப்போந்து நாடெங்கும் பேச்சாயின. நல்ல பணத்தையும் பொய்ப் பணத்தையும் பிரித்தறியக் கண் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. வரலாற்றுக்கும் அத்தகைய கண் வேண்டும்.

பேஸ்பாலின் கதை அதனை விளக்கும். அவ்வாட்டத்தைப் பிறநாட்டுக் கலப்பின்றி அமெரிக்கரே கண்டனர் என்று நிறுவும் ஆசை, விளையாட்டுப் பொருள் வணிகரான ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்பாருக்கு இருந்தது. அவர் முயற்சியால் 1905ஆம் ஆண்டில் ஒரு குழு அமைந்தது. அப்னர் டபிள்டே என்னும் படைத்தலைவர், நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1839ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தார் என்று 1907ஆம் ஆண்டின் இறுதியில் அக்குழு முடிவு கூறிற்று. அதற்கு அடிப்படையாய் நின்றது ஒரு முதியவரின் கடிதம். 1839இல் அவருக்கு வயது ஐந்து. டபிள்டேயோ அவ்வாண்டில் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் மாணவராய் இருந்தார். 1893இல் மறையும்வரை அவ்வாட்டத்தைத் தாம் கண்டதாக அவர் உரிமை கொண்டாடியதும் இல்லை.

உண்மை யாதெனில், பேஸ்பால் என்னும் பெயர் 1744ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த சிறுவர் நூலொன்றிலேயே காணப்படுகிறது. நியூயார்க் நகரத்து நிக்கர்பாக்கர் கழகத்தார் 1845ஆம் ஆண்டில் விதிகளை எழுதிவைத்தனர். ஆயினும் கட்டுக்கதையே வென்றது. 1939ஆம் ஆண்டில் நூற்றாண்டு விழா என்று கொண்டாடி அஞ்சல்தலை வெளியிட்டனர். புகழ்மண்டபத்தையும் கூப்பர்ஸ்டவுனிலேயே திறந்தனர். 2014இல் வெளிவந்த அழகிய நாணயம் அம்மண்டபத்தின் பெயரால் வந்ததே. வெள்ளியின் மாற்றுக் குறையவில்லை. அதன் பின்னே நிற்கும் ஊர்க்கதைதான் மாற்றுக் குறைந்தது.

இனிக் கூடைப்பந்துக்கு வருவோம். இதன் பிறப்பில் ஐயத்திற்கு இடமில்லை. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகர், ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி. பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாமற் சலித்திருந்த மாணவர்க்கு உள்ளரங்கில் ஆடத்தக்க ஆட்டமொன்று வேண்டியிருந்தது. கனடா நாட்டில் பிறந்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதனை வகுத்தார். அவர் கேட்டவை பெட்டிகள். பள்ளிக் காவலர் கொணர்ந்தவையோ பீச் பழக் கூடைகள். அவற்றைப் பத்தடி உயரத்து மாடக் கைப்பிடியில் அறைந்தனர். பக்கத்திற்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர் ஆடினர். அவருள் ஒருவர் ஜப்பானியர். கூடைக்குள் விழுந்த பந்தை ஏணி வைத்து எடுத்தனர். முதல் ஆட்டத்தில் பந்து கூடையில் விழுந்தது ஒரே முறை.

நெய்ஸ்மித் செய்த மற்றொரு செயலே நாம் உற்று நோக்கத்தக்கது. பதின்மூன்று விதிகளையும் இரண்டு தாள்களில் தட்டச்சுச் செய்வித்துச் சுவரில் ஒட்டினார். அடுத்த மாதமே பள்ளி இதழில் அவை அச்சேறின. அவ்விரண்டு பழந்தாள்கள் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்து, 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. பத்து லட்சம் டாலர் என்று அச்சிட்ட வேடிக்கைத் தாளுக்குக் கடையில் ஒரு வாழைப்பழமும் கிடைக்காது. தொகை ஏதும் குறிக்காத அவ்விரு தாள்களோ அத்தகைய பெருஞ்செல்வமாயின. நிகழ்ந்ததை நிகழ்ந்தபோதே உள்ளவாறு எழுதிவைத்தமையே அம்மதிப்பின் வேர்.

கூடைப்பந்துக்குத் தம்பி முறையில் பிறந்தது வாலிபால் என்னும் கைப்பந்து. ஸ்பிரிங்ஃபீல்டிற் பயின்ற வில்லியம் மார்கன், அருகிலுள்ள ஹோலியோக் நகரின் வாலிபர் சங்கத்தில் 1895ஆம் ஆண்டு இதனை வகுத்தார். ஓடியாட இயலாத நடுவயதினர்க்காக ஏற்பட்ட ஆட்டம் இது. முதலிற் பெற்ற பெயர் மின்டனெட். மறு ஆண்டில் ஸ்பிரிங்ஃபீல்டில் இதனை ஆடிக் காட்டியபோதே இன்றைய பெயர் வாய்த்தது.

இவ்விரு ஆட்டங்களுக்கும் பெரிய மைதானம் வேண்டா. விலையுயர்ந்த கருவியும் வேண்டா. ஆதலின் வாலிபர் சங்கம் சென்ற நாடெங்கும் இவையும் சென்றன. ஸ்பிரிங்ஃபீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1919ஆம் ஆண்டில் சென்னை வந்தார்; 1920ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் விளங்கும் கல்லூரி அதுவே. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியோடு அவரும் சென்றார், 1943இல் மறைந்தார். அவரிடமும் அவர் வழிவந்தாரிடமும் பயின்ற ஆசிரியர்கள் பல மாகாணங்களுக்கும் சென்று பள்ளிகளில் வலை கட்டினர், வளையம் நட்டனர். ஆட்டம் பிறந்த பள்ளிக்கும் நம் சென்னைக்கும் இடையே நின்றவர் ஒருவரே என்பது எண்ணி மகிழத்தக்கது. அம்மண்ணில் வளர்ந்த கைப்பந்து வீரர் அ. பழனிசாமி 1961ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது பெற்றார். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியக் கைப்பந்து அணி வெள்ளிப் பதக்கம் வென்றது.

மும்பையில் இவ்வாட்டங்கள் வளர்ந்த சூழலும் அறியத்தக்கது. 1920களில் கிளிஃபர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர், உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த நாகபாடாவில் அண்டையார் இல்லம் ஒன்றை நிறுவினார். மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு விளையாட்டும் அதன் பணியாயிற்று. அந்நாகபாடா பின்னர்க் கூடைப்பந்துக்குப் பேர்போன இடமாகி, இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 1970ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முந்தாசிரை நாட்டிற்கு அளித்தது. மான்ஷார்ட்டை முதல் இயக்குநராகக் கொண்டு 1936ஆம் ஆண்டில் நாகபாடாவில் தோன்றிய சமூகப்பணிப் பள்ளியே, 1954ஆம் ஆண்டில் செம்பூரை அடுத்த தேவனாருக்குக் குடிபெயர்ந்து, இன்று டாடா சமூக அறிவியல் கழகம் எனப் பெயர்பெற்று நிற்கிறது. செம்பூர்த் தமிழர் நாள்தோறும் கடந்து செல்லும் அக்கழகத்தின் தொட்டில், ஆடுகளம் சூழ்ந்த ஒரு சேரியில் இருந்தது.

மாதுங்காவின் வரலாறும் இதனோடு ஒட்டியதே. 1896ஆம் ஆண்டில் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயின் விளைவாக, 1898ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. காற்றோட்டமான வீடுகளும் அகன்ற சாலைகளும் திறந்த வெளிகளும் கொண்டு தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளை அது வகுத்தது. அங்குக் குடியேறிய தென்னாட்டார் கோயில் கட்டினர், 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்டனர், ஆடுகளத்தையும் மறந்தாரல்லர். மாதுங்கா இந்தியன் ஜிம்கானாவின் கூடைப்பந்துக் களமும், அங்கு நிகழும் ராமு நினைவுப் போட்டியும் நாடறிந்தவை.

இங்கே நம் உள்ளத்தில் ஒரு கவலை எழுகிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் முதற் பந்து கூடையில் விழுந்த நாளை உலகம் அறியும். மாதுங்காவிலோ தாராவியிலோ நம்மவர் முதல் வலை கட்டிய நாளை அறிவார் எத்துணைப் பேர்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட குடும்பங்களின் பேரர்கள் எந்தத் திடலில் ஆடினர்? எந்தப் பந்தயத்தில் வென்றனர்? பந்து வாங்கப் பணம் தந்த கடைக்காரர் யார்? நினைவுப் போட்டிக்குப் பெயர் தந்தவரின் வாழ்வை இன்றைய சிறுவர்க்கு எடுத்துரைப்பார் யார்? இவை நினைவில் மட்டுமே வாழ்வன. நினைவோ முதியவரோடு செல்வது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்கீழ் வீடுகள் இடம் மாறும் காலம் இது. பரணில் கிடக்கும் கோப்பைகளும் புகைப்படங்களும் வரவு செலவு ஏடுகளும் வீடு மாறும்போதே முதலில் தொலையும்.

எழுதாது விட்ட இடம் வெற்றிடமாகவே நில்லாது. நாளை யாரேனும் கூப்பர்ஸ்டவுன் கதைபோல் ஒன்று புனைந்து அதனை நிரப்புவர். அன்று உண்மை அறிந்தவர் இலராயின், கதையே வரலாறாகும். அதற்கு விழாவும் எடுக்கப்படும்.

ஆதலின் மும்பைத் தமிழர் செய்யத்தக்கது எளிய செயலே. ஒவ்வொரு சங்கமும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். ஆட்டம் எவ்வாண்டில் தொடங்கியது, எவ்விடத்தில், யார் முன்னின்றார், எவர் நடுவராயிருந்தார் என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். கண்டு சொல்வது வேறு, கேட்டுச் சொல்வது வேறு. இரண்டையும் பிரித்தே எழுதுக. ஒருவர் சொல்லை இன்னொருவர் சொல்லோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வாதவிடத்து இரண்டையும் குறித்து வைக்க. புகைப்படத்தின் பின்புறம் நிற்போர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுக. ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வைப்பது மேலும் நன்று. பிற மாநிலங்களில் வாழும் தமிழரும், தாம் குடியேறிய ஊர்களில் இதனைச் செய்யலாம்.

தாராவிச் சந்தில் பந்து உதைக்கும் சிறுவனின் உருவத்தை எந்த நாணயச் சாலையும் பொறிக்க வேண்டுவதில்லை. அவனுடைய பாட்டனார் எங்கு ஆடினார் என்பது தேதியோடு ஓர் ஏட்டில் இருக்குமாயின், அதுவே அக்குடும்பத்திற்கும் இந்நகரத் தமிழர்க்கும் நாணயமான சான்றாகும்.