மக்கும் விளிம்பு

சில ஆண்டுகளுக்கு முன் பாஸ்டன் அருகே ஒரு கராஜ் சேலில் ஏஆர்-3ஏ ஒலிபெருக்கிகள் ஒரு ஜோடி கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 கிலோ. வீட்டுக்குக் கொண்டுவந்து முகப்புத் துணியைக் கழற்றியபோது, 12 அங்குலக் கூம்பைச் சுற்றியிருந்த விளிம்பு விரல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பான பழுப்புத் தூளாய் உதிர்ந்தது. கூம்புக்குப் பழுதில்லை, காந்தத்துக்கும் இல்லை. கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஒரு விரல் அகல வளையம் மட்டும் மக்கியிருந்தது. இத்தனை கனமான பொருளின் உயிரை இத்தனை மெல்லிய நுரையில் ஏன் வைத்தார்கள் என்று தேடப் போய்த்தான் எட்கர் வில்ச்சரை அறிந்தேன்.

1950களின் தொடக்கத்தில், கீழ்ஸ்தாயி ஒலிகளை வீட்டில் நன்றாகக் கேட்க விரும்பியவர் அலமாரி அளவுப் பெட்டிக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அசையும் கூம்பை மீண்டும் நடுநிலைக்கு இழுத்து வந்தது அதன் விளிம்பின் விறைப்பு. ஆனால் கூம்பு அதிகம் அசையும்போது அந்த விறைப்பு சீராக இயங்குவதில்லை, ஒலி திரிந்துவிடும். வில்ச்சர் இதைத் தலைகீழாக யோசித்தார். விளிம்பை மிகவும் தளர்த்திவிட்டு, இறுக மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாக்கினார். சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு அந்த வில் புரியும்.

அவருடைய முதல் மாதிரிக்கான தளர்ந்த விளிம்பை மெத்தை உறைத் துணியில் செய்து கொடுத்தவர் மனைவி ரோஸ்மேரி. தொழில்நுட்ப வரலாறுகளில் இது ஒரு வரியில் கடந்து போகிறது. எனக்கென்னவோ கதையின் மையமே அதுதான் என்று படுகிறது.

வில்ச்சர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எடுத்த வகுப்பில் மாணவராக இருந்தவர் ஹென்றி கிளாஸ். இருவரும் 1954இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். 1956இல் காப்புரிமை கிடைத்தது. 1957இல் கிளாஸ் பிரிந்து சென்று வேறு இருவருடன் கேஎல்எச் நிறுவனத்தை உருவாக்கினார். 1958இல் ஏஆர்-3 வந்தது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ஓர் அலமாரிக்கே இடமில்லாத வீட்டில் இரண்டை எங்கே நிறுத்துவது? ஸ்டீரியோ சாதாரண வீடுகளுக்குள் நுழைய வழிவிட்டவற்றில் இந்தச் சிறு பெட்டிகளுக்கு முக்கிய இடமுண்டு.

ஏஆர்-3ஏ வந்த 1967இல்தான் வில்ச்சர் நிறுவனத்தை விற்றுவிட்டு, பின்னர் செவித்துணைக் கருவி ஆய்வில் இறங்கினார். ஆரம்ப கால ஏஆர் கூம்புகளுக்கு, பசை பூசிய துணிதான் விளிம்பு. பிறகு பாலியூரித்தேன் நுரை வந்தது. மென்மையானது, வேலைக்கு எளியது. ஆனால் காற்றின் ஈரமும் ஒளியும் அதைச் சிதைக்கும். பதினைந்து இருபது ஆண்டுகளில் பொடியாகிவிடும். அதற்கு முந்தைய துணி விளிம்புகள் பலவும் இன்றும் கிழியாமல் இருக்கின்றன. மேலே பசையை மட்டும் புதுப்பித்தால் போதும். முன்னேற்றம் என்று நாம் சொல்வது எப்போதும் முன்னோக்கியே நகர்வதில்லை.

பழைய நுரையையும் பசையையும் சுரண்டி எடுக்கவே எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. புதிய வளையத்தை அவசரமாக ஒட்டினேன். கூம்பு அரை மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். அதன் அடியில் உள்ள கம்பிச் சுருள் காந்தத்தின் இடுக்கில் உரசி, காய்ந்த ஓலையைக் கீறுவது போல ஒலித்தது. பாதி உலர்ந்த வளையத்தைப் பிய்த்தபோது கூம்பின் ஓரம் சற்றுக் கிழிந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தாங்கிய காகிதத்தை ஐந்து நிமிடத்தில் அழிக்கப் பார்த்தேனே என்ற பதைப்பில் அன்றிரவு உறக்கமில்லை. இரண்டாம் முறை 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாகச் செலுத்தி, கூம்பு உரசாமல் அசையும் இடத்தைக் காதால் தேடி ஒட்டினேன். ஒரு நாள் முழுக்க அதைத் தொடவே இல்லை.

மின்தேக்கிகள் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. 150, 50, 6 மைக்ரோஃபாரட் என்று குறிக்கப்பட்டவை இப்போது அளந்தால் கூடுதலாகக் காட்டுகின்றன. அவற்றை மாற்றினால் ஒலி மாறும். அது 1970இல் கேட்ட ஒலிக்கு நெருங்குமா, விலகுமா? ஒப்பிட அந்த நாளின் காது நம்மிடம் இல்லை. பாடபேதங்களுக்கு நடுவே நிற்கும் பதிப்பாசிரியரின் நிலைதான் என்னுடையதும். மூலத்தைக் கண்டவர் யாருமில்லை, ஆனாலும் ஏதோ ஒன்றை அச்சிட்டாக வேண்டும்.

முதல் பெட்டி தயார். கூம்பை மெல்ல அழுத்தி விட்டால் துள்ளாமல், ஓரிரு நொடி எடுத்துக்கொண்டு திரும்புகிறது. உள்ளே காற்று கசியாமல் இருப்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டாவது பெட்டி திறந்தபடி மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் புதிய நுரை வளையம் ஒன்றும், துணிக்கடையில் வாங்கி வந்த ஒரு முழம் மெத்தைத் துணியும் இருக்கின்றன.