1957: பம்பாயின் பொன்னாண்டில் மதராஸின் பங்கு

பழைய ஹிந்திப் படங்களில் ஈடுபாடுள்ள அன்பர்கள் யாரிடமாவது, எந்த வருஷம் சிறந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 1957 என்ற பதில்தான் வரும். பிப்ரவரியில் குருதத்தின் 'ப்யாஸா', சுதந்திர தினத்தன்று பி.ஆர். சோப்ராவின் 'நயா தௌர்', அக்டோபர் 25-ஆம் தேதி மெஹபூப் கானின் 'மதர் இந்தியா' என்று வரிசையாக வந்தன. சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்'தும் அதே வருஷத்துப் படம்தான். இதில் 'மதர் இந்தியா' ஆஸ்கார் போட்டியின் இறுதிப் பட்டியல் வரை சென்ற முதல் இந்தியப் படம். சாந்தாராமின் படம் அடுத்த வருஷம் பெர்லினில் வெள்ளிக் கரடி பரிசு பெற்றது.

இதையெல்லாம் பம்பாயின் சாதனை என்றே எழுதி வந்திருக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த வருஷத்துப் படங்களின் பெயர்ப் பட்டியலை நிதானமாகப் படித்தால் மதராஸ் பல இடங்களில் தலைகாட்டுகிறது.

முதலில் 'நயா தௌர்'. குதிரை வண்டிக்காரனுக்கும் பஸ்ஸுக்கும் நடக்கும் போட்டிதான் கதை. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்த நேரம். இயந்திரம் வந்தால் மனிதன் எங்கே போவான் என்ற கேள்வியை அது பாமரனுக்கும் புரியும்படி கேட்டது. கதாநாயகியாக முதலில் ஒப்பந்தமானவர் மதுபாலா. போபால் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அவரை அனுப்ப அவருடைய தந்தை சம்மதிக்கவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. திலீப் குமாரே தயாரிப்பாளர் பக்கம் சாட்சி சொன்னார். இந்தச் சச்சரவின் நடுவே அந்த வேடத்துக்கு வந்தவர்தான் நம் திருவல்லிக்கேணி வைஜயந்திமாலா.

வந்த வாய்ப்பு இன்னொருவர் இழந்தது என்றாலும், அதற்கான தகுதி அவரிடம் ஏற்கனவே இருந்தது. வைஷ்ணவக் குடும்பம், பாட்டி யதுகிரி தேவியின் வளர்ப்பு, வழுவூர் ராமையா பிள்ளையிடம் நாட்டியம். ஏ.வி.எம்.மின் 'வாழ்க்கை' (1949) ஹிந்தியில் 'பஹார்' (1951) ஆனபோது தம் வசனத்தைத் தாமே பேச வேண்டும் என்று ஹிந்தி பிரசார சபாவில் மொழி கற்றுக்கொண்டார். வடக்கே பல ஊர்களில் குடியேறி, பேச்சு வழக்கில் தடுமாறி, 'மதராசி' என்ற கேலியைக் கேட்ட நம் அங்கத்தினர்களுக்கு இதன் அருமை தெரியும். 'தேவதாஸ்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை என்று ஃபிலிம்ஃபேர் பரிசு அளித்தபோது, தம் வேடம் துணை வேடம் அல்ல என்று சொல்லி மறுத்தவரும் அவரே. 1957-இல் எம்.வி. ராமனின் 'ஆஷா', அமிய சக்ரவர்த்தியின் 'கட்புத்லி' என்று மேலும் இரண்டு முக்கியமான படங்கள் அவருக்கு வந்தன.

'ப்யாஸா'வில் வரும் வஹீதா ரஹ்மான் செங்கற்பட்டில் பிறந்தவர், பரதம் பயின்றவர், தெலுங்கு, தமிழ்ப் படங்களில் நடனமாடிவிட்டு பம்பாய் சென்றவர். படத்துக்கு ஒளிப்பதிவு செய்த வி.கே. மூர்த்தி மைசூர்க்காரர். அரங்கத்து வாசலில் வெளிச்சத்தைப் பின்னால் வைத்துக் கவிஞனை நிழலுருவாக நிறுத்திய அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நடிகைகள் மட்டும் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். கதைகளும் போயின. ஸ்ரீதர் எழுதிய 'எதிர்பாராதது' (1954), எல்.வி. பிரசாத்தின் இயக்கத்தில் ராஜ் கபூர், மீனா குமாரி நடிக்க 'சாரதா' ஆயிற்று. கிருஷ்ணன்–பஞ்சுவின் 'குலதெய்வம்' (1956), அதே இரட்டையரின் கையால் ஏ.வி.எம்.மின் 'பாபி' ஆயிற்று. பண்டரிபாய் இரண்டிலும் உண்டு. ஏ.வி.எம்.மின் 'ஹம் பஞ்சி ஏக் டால் கே' குழந்தைகள் படத்துக்கான பிரதமரின் தங்கப் பதக்கம் பெற்றது.

எல்லாவற்றிலும் ரஸமான பிரயாணம் 'மிஸ் மேரி'யுடையது. உத்தியோகத்துக்காகக் கல்யாணம் ஆனவர்களைப் போல நடிக்கும் இரு வாத்தியார்களின் கதை. வங்காள நாடகம் ஒன்றிலிருந்து கிளம்பி, 1955-இல் தெலுங்கிலும் தமிழிலும் 'மிஸ்ஸியம்மா'வாக வந்து, 1957-இல் ஹிந்தி போய்ச் சேர்ந்தது. தமிழில் நடித்த ஜெமினி கணேசனே ஹிந்தியிலும் மீனா குமாரிக்கு ஜோடி. புதுக்கோட்டையில் பிறந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனம் போதித்தவர் ஆயிற்றே, வாத்தியார் வேஷத்துக்கு ஒத்திகையே வேண்டியிருந்திராது!

இந்தப் பாதையை முதலில் அகலமாக வெட்டியவர் திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன். 1948-இல் 'சந்திரலேகா'வைத் தமிழிலும் ஹிந்தியிலும் அவர் எடுத்த பிறகே மதராஸ் முதலாளிகளுக்கு வடக்கே தைரியம் வந்தது. மாதச் சம்பளக் கலைஞர்கள், சொந்த லாபரட்டரி, தமிழிலோ தெலுங்கிலோ ஜனங்கள் ஏற்கனவே ஒப்புக்கொண்ட கதை ஆகிய மூன்றும் கையில் இருந்ததால் நஷ்ட பயம் குறைவு. கண்ணீர் சற்று அதிகம், அண்ணி தியாகம் செய்துகொண்டே இருப்பாள் என்பதெல்லாம் உண்மைதான். 'ப்யாஸா'வுக்கு அருகில் 'பாபி'யை வைத்துப் பேச நான் துணிய மாட்டேன். ஆனால் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கொட்டகைக்கு வந்தது 'பாபி' போன்ற படங்களுக்கும்தான்.

இப்படி எழுதும்போது 'நம்மவர்' கணக்கு மட்டும் பார்த்துவிடக் கூடாது. வைஜயந்திமாலாவை முதலில் திரைக்குக் கொண்டுவந்த ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிச் செட்டியார், எல்.வி. பிரசாத் ஆந்திரர், வஹீதா முஸ்லிம் குடும்பத்துப் பெண். வடபழனி ஸ்டூடியோக்களில் இவர்கள் எல்லோருக்கும் இடம் இருந்தது, எல்லோரும் சேர்ந்துதான் மதராஸ்.

'நயா தௌர்' 1958-இல் 'பாட்டாளியின் சபதம்' என்ற பெயரில் தமிழ் பேசிக்கொண்டு இங்கே திரும்பி வந்தது. அடுத்த வருஷம் 'ஆஷா'வையும் எம்.வி. ராமன் 'அதிசயப் பெண்' என்று தமிழில் எடுத்தார். கதாநாயகி அதே வைஜயந்திமாலா.