கள்ளக்குறிச்சிப் பகுதியில் மதுவிலக்கும் குற்றத் தடுப்பும்

கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், கல்வராயன் மலை ஆகிய பகுதிகளில் மதுவிலக்கு என்பது நீண்ட காலமாகக் குற்றத் தடுப்பு முறையாகக் கையாளப்பட்டு வந்துள்ளது. குடியே குற்றத்துக்கும் குடும்ப வறுமைக்கும் மூலகாரணம்; அதனைச் சட்டத்தாலும் ஒழுக்கத்தாலும் நீக்க வேண்டும் என்பது இதன் அடிப்படையான பழமைவாதக் கருத்தாகும்.

== வரலாறு ==

சென்னை மாகாண முதல்வராக இருந்த இராசகோபாலாச்சாரி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939 இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948 இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியபோது, தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியும் தியாகதுருகமும் அதற்கு உட்பட்டன.

தமிழ்நாட்டில் 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, 1974 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1987 இல் சாராயமும் கள்ளும் தடை செய்யப்பட்டன. பிற மதுவகைகளின் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் நடத்துகிறது.

== தண்டனையும் மறுவாழ்வும் ==

கல்வராயன் மலை ஓடைகளின் ஓரம் வெல்லமும் வேலம்பட்டையும் சேர்த்துப் போடப்படும் சாராய ஊறல்களைக் காவல்துறையினர் அழித்து வருகின்றனர். கள்ளச்சாராய வணிகர்களைத் தடுப்புக் காவலில் வைக்க 1982 ஆம் ஆண்டுச் சட்டம் (குண்டர் சட்டம்) இடமளிக்கிறது. இத்தொழிலைக் கைவிடுவோருக்குக் கறவை மாடு வாங்குதல் போன்றவற்றுக்கு அரசு மறுவாழ்வு நிதி வழங்குகிறது.

== 2024 நிகழ்வு ==

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தனர். ஊறலைக் காய்ச்சி வடிக்கும்போது பெருமளவில் கிடைப்பது எத்தனால் ஆகும். மெத்தனாலோ தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியது. எனவே மலையில் ஊறலை அழிப்பது மட்டும் இத்தகைய இறப்புகளைத் தடுக்காது. மெத்தனால் விற்பனையும் கண்காணிக்கப்பட வேண்டும்.

இதன் பின்னர் உயிரிழப்பை ஏற்படுத்தும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் வகையில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை நடுவண் புலனாய்வுச் செயலகத்துக்கு மாற்றியது.

== கருத்து வேறுபாடுகள் ==

கடும் தண்டனையும் முழு மதுவிலக்குமே குடும்பங்களைக் காக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். தடை கள்ளச் சந்தையை வளர்க்கும் என்போர், ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடைமுறையில் இருந்த மதுவிலக்கைச் சுட்டுகின்றனர். விலை மலிவே கூலித் தொழிலாளரைக் கள்ளச்சாராயத்தின்பால் ஈர்க்கிறது என்றும், சாலை, பள்ளி, வேலைவாய்ப்பு ஆகியன இன்றி மலைவாழ் மக்களை இத்தொழிலிலிருந்து மீட்க இயலாது என்றும் வேறு சிலர் கூறுகின்றனர். 2024 இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்குப் பதிவு செய்தது.

== இவற்றையும் பார்க்க ==

* கல்வராயன் மலை
* தியாகதுருகம்
* டாஸ்மாக்